எந்தச் செவலை? பண்ணை மாடுகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிவு வைக்க முழு வழிகாட்டி

"அண்ணே, செவலைக்கு ராத்திரி பால் குறைஞ்சிருச்சு."

"எந்தச் செவலை?"

"அதான், ஓரமா கட்டியிருக்குமே, அது."

நாலு மாடு கட்டியிருக்கும் தொழுவத்தில் இந்தப் பேச்சு போதும். பதினைந்து, இருபது என்று ஆகும்போது செவலை மூன்றாகிவிடும், லட்சுமி இரண்டாகிவிடும், ஓரத்தில் கட்டிய மாட்டை யாரோ நடுவில் மாற்றிக் கட்டியிருப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் எல்லா மாடும் முகம் பார்த்தாலே தெரியும். அவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன அன்றைக்குத்தான் ஒரு மாடு பருவத்துக்கு வரும், சினை ஊசி போட வந்தவர் "போன தடவை எந்தக் காளை போட்டோம்?" என்று கேட்பார்.

ஆகவே இதில் ஒரே ஒரு அளவுகோல்தான்: உங்கள் மாடுகளை முன்பின் பார்க்காத ஒருவர் தொழுவத்துக்குள் வந்து, யாரையும் கேட்காமல், ஒரு மாட்டைப் பார்த்து அதன் பக்கத்தை நோட்டில் எடுக்க முடிய வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினால் அந்த மாட்டைப் போய்த் தொட முடிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் ஐந்து முதல் ஐம்பது மாடு வரை வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பண்ணைக்கானது.

படி 1: இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்

காதில் மாட்டும் புது எண் வில்லை வாங்கும் முன்பு ஒரு கணக்கெடுப்பு. காலைக் கறவை முடிந்து மாடுகள் தீவனத்தில் வாய் வைத்திருக்கும் நேரம் நல்லது. ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும். தனியாகச் செய்தால் நிச்சயம் ஏதாவது மாறிப்போகும்.

ஒவ்வொரு மாட்டுக்கும் வீட்டில் கூப்பிடும் பெயர், இனம், நிறம், கொம்பு, வால் குஞ்சத்தின் நிறம், நெற்றிச்சுட்டி, சுழி, தழும்பு, பல், எத்தனையாவது ஈத்து (கன்று போட்டது எத்தனையாவது தடவை), கடைசியாகக் கன்று போட்ட தேதி, இப்போது சினையா என்பதெல்லாம் வேண்டும். காதில் அரசு மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணும் வேண்டும். அந்த எண்ணைக் கண்ணால் பார்த்து எழுதுவதோடு நிற்காதீர்கள். ஈரத்துணியால் வில்லையைத் துடைத்துவிட்டு போனில் படமும் எடுங்கள். சாணியும் அழுக்கும் படிந்த வில்லையில் 3-ம் 8-ம் ஒன்றாகத்தான் தெரியும்.

வாங்கிய மாடாக இருந்து பிறந்த தேதி தெரியாவிட்டால் பல்லைப் பார்த்து எழுதலாம். இரண்டு பல் என்றால் இரண்டிலிருந்து இரண்டரை வயது, நாலு பல் என்றால் சுமார் மூன்று, ஆறு பல் மூன்றரையிலிருந்து நாலு, கடை சேர்ந்து எட்டுப் பல்லும் வந்துவிட்டால் நாலரை ஐந்து வயது. அதற்கு மேல் பல் தேய்மானத்தையும் கொம்பு வளையத்தையும் வைத்துச் சொல்வது அனுபவக் கணக்கு. அப்படிப் போட்ட வயதுக்கு முன்னால் 'சுமார்' என்று எழுதிவிடுங்கள். பின்னாளில் யாரும் அதை நிஜத் தேதி என்று நம்பிவிடக் கூடாது.

நிறத்தை நம்ப வேண்டாம், சுழியை நம்பலாம்

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது மயிலைக்கு, அதாவது சாம்பல் நிறத்துக்கு, மாறிவிடும். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் முன்னங்கால் பக்கமும் கறுத்துப் போகும். உம்பளச்சேரிக் கன்றும் பிறக்கையில் செந்நிறம்தான், பிறகு சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதன் நெற்றியில் இருக்கும் வெள்ளைச் சுட்டியும் கால் வெள்ளையும்தான் அடையாளத்துக்கு உதவும். ஆகவே கன்றாக இருந்தபோது எழுதிய 'செவலைக் கிடாரி' என்ற வரி ஒரு வருடத்தில் பொய்யாகிவிடும். நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் அடையாளக் குறிப்பைப் பிறந்தபோது ஒரு தடவை, ஒரு வயதில் ஒரு தடவை எழுத வேண்டும்.

எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினத்தில் கறுப்பு வெள்ளைத் திட்டு பிறவியிலிருந்து மாறாது. ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. இரண்டு பக்கமும் படம் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஜெர்சி கலப்பினம்தான் பெரிய தலைவலி. பத்தும் ஒரே தேன் நிறத்தில், ஒரே குட்டைக் கொம்போடு நிற்கும்.

அங்கேதான் சுழி கைகொடுக்கும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் ராஜசுழி, கோபுரச்சுழி, பாடைச்சுழி என்று சுழிக்கு ஒரு பெரிய சாஸ்திரமே வைத்திருக்கிறார்கள். ஒரு சுழி இருந்தால் விலை ஏறும், இன்னொன்று இருந்தால் மாடு விற்காமலே வீடு திரும்பும். அதிர்ஷ்ட விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் முடி சுழன்று நிற்கும் இடம் பிறவியில் அமைவது, வயதானாலும் நகராது. நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலா கீழா, ஒன்றா இரண்டா, முதுகில் சுழி திமிலுக்கு முன்னா பின்னா என்று எழுதி வைத்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜெர்சிகளைப் பிரித்துவிடலாம். மாட்டுக் காப்பீட்டுப் படிவங்களில் நிறம், கொம்பு, வால் குஞ்சம், இயற்கை அடையாளம் என்று கேட்பதும் இதற்காகத்தான்.

படி 2: பண்ணைக்கென்று ஒரு எண்

அரசு வில்லை ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு எண் எதற்கு என்று கேட்கலாம். கோமாரி, கருச்சிதைவு நோய் இரண்டுக்குமான தேசிய தடுப்பூசித் திட்டம் 2019-இல் தொடங்கியதிலிருந்து அந்த 12 இலக்க வில்லை நாடு முழுக்க மாடுகளின் காதில் ஏறியிருக்கிறது. 'பசு ஆதார்' என்று பேச்சில் சொல்கிறார்கள். தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சை எல்லாம் அந்த எண்ணில்தான் மத்திய அரசின் பாரத் பசுதன் இணையப் பதிவில் ஏறுகிறது. அது அவசியம் வேண்டும். ஆனால் பத்தடி தூரத்தில் நின்று 12 இலக்கத்தை யாராலும் வாசிக்க முடியாது, வாசித்தாலும் நினைவில் நிற்காது.

கடைசி நாலு இலக்கத்தை மட்டும் பண்ணை எண்ணாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வில்லை விழுந்தால் புது வில்லை போடுவார்கள், அதில் எண் வேறாக இருக்கும். அப்போது உங்கள் நோட்டிலும் மாட்டின் பெயரே மாறியது போல ஆகிவிடும்.

எளிமையான முறை இது: முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு வரிசை. 2025-இல் உங்கள் பண்ணையில் பிறந்த மூன்றாவது கன்று 2503. வெளியிலிருந்து வாங்கிய மாட்டுக்கு வாங்கிய வருடமும் 51-லிருந்து தொடங்கும் வரிசையும். 2551 என்று பார்த்ததுமே அது 2025-இல் வாங்கி வந்தது என்று தெரிந்துவிடும். இதற்கு மேல் எண்ணுக்குள் எதையும் திணிக்க வேண்டாம். இனத்துக்கு ஒரு எழுத்து, தாய்க்கு ஒரு இலக்கம், கொட்டகைக்கு ஒரு குறி என்று சேர்த்துக்கொண்டே போனால் வில்லையில் இடம் இருக்காது. கொட்டகை மாறினால் எண்ணும் பொய்யாகும்.

மாறக் கூடாத விதி ஒன்று: விற்ற மாட்டின் எண்ணையோ செத்த மாட்டின் எண்ணையோ வேறு மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. '7-ஆம் நம்பர் காலியாத்தானே இருக்கு' என்று தோன்றும். மூன்று வருடம் கழித்து ஒரு கிடாரியின் தாய் '7' என்று எழுதியிருக்கும், எந்த 7 என்று யாருக்கும் தெரியாது.

பெயர் வைத்துக் கூப்பிடுவதை விட வேண்டியதில்லை. கறவையின்போது மாடு பெயருக்குத் திரும்பும், எண்ணுக்குத் திரும்பாது. நோட்டில் மட்டும் எண் முதலில், பெயர் அடுத்து.

படி 3: காது வில்லை போடுவது

நோட்டில் இருக்கும் எண் மாட்டின் மேல் ஏறாவிட்டால் பயனில்லை. பண்ணை எண்ணுக்கு நெகிழும் பிளாஸ்டிக் வில்லையே போதும். அரசு வில்லை மஞ்சளாக இருப்பதால் உங்களுடையது வேறு நிறத்தில் இருக்கட்டும், அரசு வில்லை எந்தக் காதில் இருக்கிறதோ அதற்கு மறு காதில் போடுங்கள். எண்ணை அச்சடித்து வாங்க முடிந்தால் நல்லது. வெற்று வில்லை வாங்கிக் கையால் எழுதுவதானால் அதற்கென்று விற்கும் மைப்பேனாவால்தான் எழுத வேண்டும். சாதாரண மார்க்கர் எழுத்து வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

வில்லையையும் அதைப் பொருத்தும் இடுக்கியையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். ஊசியின் நீளம் கொஞ்சம் மாறினாலும் வில்லை சரியாகப் பூட்டாது, ஒரு வாரத்தில் தீவனத் தொட்டியில் கிடக்கும்.

மாட்டின் வயதும் நாளும் பார்த்துச் செய்யுங்கள். ஈ மொய்க்கும் மழைக்காலத்தில் ஓட்டையில் புழு வைக்கும் ஆபத்து அதிகம், வெயில் குறைந்த வறண்ட நாள் நல்லது. பெரிய மாட்டைத் தலைக்கயிற்றில் மட்டும் பிடித்துக்கொண்டு செய்யப் பார்க்காதீர்கள். கால்நடை மருந்தகத்தில் இருப்பது போன்ற இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, தலையை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிய பிறகுதான் காதில் கை வைக்க வேண்டும். இதுவரை போட்டுப் பழக்கமில்லை என்றால் முதல் சில மாடுகளுக்குக் கால்நடை ஆய்வாளரை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

காதை விரித்துப் பார்த்தால் நீளவாக்கில் குருத்தெலும்பு மேடுகள் ஓடுவது தெரியும், அவற்றை ஒட்டி இரத்தக் குழாய்கள் போகும். இரண்டு மேடுகளுக்கு நடுவே மெல்லிசாக இருக்கும் இடம்தான் ஓட்டை போட வேண்டிய இடம். காதின் நீளத்தில் பார்த்தால் நடுப்பகுதி. நுனிக்குப் பக்கத்தில் போட்டால் எதிலாவது மாட்டிக் காதையே கிழித்துக்கொண்டு போய்விடும். அடிப்பக்கம் போட்டால் தடித்த குருத்தெலும்பு, வலியும் அதிகம், புண்ணும் ஆறாது.

காதை ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுங்கள். இடுக்கியின் ஊசியையும் வில்லையின் ஊசிப் பாகத்தையும் கிருமிநாசினியில் நனைத்துக்கொள்ளுங்கள். ஊசிப் பாகம் காதின் பின்பக்கத்திலிருந்து வந்து, எண் உள்ள பாகம் முன்பக்கம் தெரிய வேண்டும். இடுக்கியை ஒரே அழுத்தாக, தயங்காமல் அழுத்தி உடனே விடுங்கள். பாதி அழுத்திவிட்டு யோசித்தால் மாடு தலையை உதறும், காது கிழியும். பொருத்திய பின் வில்லையைச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், காதுக்கும் வில்லைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். இளங்கன்றுக்கு இந்த இடைவெளி ரொம்ப முக்கியம், காது வளர்ந்து தடிக்கும்.

இரத்தம் கொஞ்சம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஈ உட்காராமல் இருக்க மருந்தகத்தில் கிடைக்கும் புண் ஸ்பிரே அடியுங்கள். பத்து நாள் வரைக்கும் தினமும் ஒரு பார்வை போதும். வீக்கம், சீழ், நாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். புழு வைத்திருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

வில்லையின் அளவைப் பற்றி ஒன்று. கொட்டகையிலேயே நிற்கும் கறவைக்குப் பெரிய பட்டை வில்லை சௌகரியம், தூரத்திலிருந்து தெரியும். காங்கேயம் பக்கம் கிளுவை முள்வேலி போட்ட கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) மேயும் மாட்டுக்கு அது ஒத்துவராது. முள்ளில் மாட்டிக்கொள்ளும். அங்கே சின்ன வட்ட வில்லைதான் தாங்கும். பக்கத்தில் போய்த்தான் வாசிக்க முடியும் என்றாலும் பரவாயில்லை.

கறப்பவர் பார்ப்பது பின்பக்கத்தை

காது வில்லையை மட்டும் நம்பும் பண்ணைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. தீவனம் வைப்பவருக்கு மாட்டின் முகம் தெரியும். கறப்பவருக்கும் சினை ஊசி போடுபவருக்கும் தெரிவது வாலும் மடியும்தான். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை இத்தனை நாளைக்கு ஊற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அந்தத் தகவல் காதில் தொங்கும் எண்ணில் இல்லை, நோட்டில் இருக்கிறது. கறப்பவர் இருட்டோடு வந்து அந்த மாட்டையும் சேர்த்துக் கறந்து கேனில் ஊற்றிவிட்டால் அன்றைய மொத்தப் பாலும் கெட்டது.

இதற்குக் கால் பட்டைதான் சரியான வழி. பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, வண்ணப் பட்டை. சிவப்பு என்றால் பால் தனியாக, பச்சை என்றால் வற்றவிடும் (கன்று போடும் முன் கறவையை நிறுத்தும்) மாடு என்று இரண்டே இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிறம் வைத்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது. பட்டை இறுகிவிடாமல் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்டி, காரியம் முடிந்த அன்றைக்கே கழற்ற வேண்டும். கழற்ற மறந்த சிவப்புப் பட்டையைப் பார்த்துப் பார்த்துப் பழகினால், நிஜமாகத் தேவைப்படும் அன்றைக்கு யாரும் மதிக்க மாட்டார்கள்.

படி 4: வில்லை விழுந்தாலும் மாடு தெரிய வேண்டும்

வில்லை விழும். எவ்வளவு நன்றாகப் போட்டாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு விழத்தான் செய்யும். ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் விழாத அடையாளம் ஒன்று வேண்டும். மேலே சொன்ன சுழி, தழும்புக் குறிப்போடு படங்கள் முதல் காப்பு: முகம் நேராக, இடது பக்கம் முழுதாக, வலது பக்கம் முழுதாக, பின்னாலிருந்து மடி. முகப்படத்தில் பண்ணை எண்ணை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் பிடித்து எடுங்கள். போன் மாறும்போது எல்லாம் கலந்துபோனாலும் படமே எண்ணைச் சொல்லும்.

மாட்டின் மூக்கின் மேல் ஈரமாக இருக்கும் பகுதியில் உள்ள மேடு பள்ளங்கள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு ஒன்று வேறுபடும். 1922-லேயே அமெரிக்காவில் பீட்டர்சன் என்பவர் கறவை மாடுகளை இப்படி அடையாளம் காணலாம் என்று எழுதியிருக்கிறார். அப்போது மையைத் தடவித் தாளில் ஒற்றி எடுத்தார்கள். இப்போது மூக்கைத் துணியால் துடைத்துவிட்டு போனில் நெருக்கமாக ஒரு படம் எடுத்தால் போதும். ஐந்தாவது படமாக இதையும் சேர்த்துவிடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

மாடு கொஞ்சம் அதிகம், வம்சாவளியைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் காதின் உட்பக்கம் பச்சை குத்தலாம். இதற்கு எண் அச்சுகள் மாட்டிய தனி இடுக்கி இருக்கிறது. அச்சுகளை மாட்டியதும் முதலில் ஒரு அட்டையில் அழுத்திப் பாருங்கள். 2503 என்பது 3052 என்று விழுந்திருப்பதை அட்டையில் கண்டுபிடிப்பது சுலபம், காதில் குத்திய பிறகு திருத்தவே முடியாது. காதின் உட்பக்க மெழுகையும் அழுக்கையும் ஸ்பிரிட்டால் துடைத்து, மையைத் தடவி, மேடுகளுக்கு நடுவே அழுத்திக் குத்தி, மறுபடி மையை விரலால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். கறுத்த தோலுக்குக் கறுப்பு மையைவிடப் பச்சை மை தெளிவாகத் தெரியும். பிறகு வாசிக்கும்போது காதின் பின்னால் டார்ச் அடித்தால் எழுத்து துலங்கும். தினசரி வேலைக்கு இது உதவாது. வில்லை விழுந்த அன்றைக்கு மட்டும் இதன் அருமை தெரியும்.

சூடு போடுவதைப் பற்றிக் கேட்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது மாட்டுக்கு வேதனை, தோலும் பாழ். வேண்டவே வேண்டாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிர வைத்த செம்பு அச்சால் போடும் உறைகுறி முறை ஒன்று இருக்கிறது. நிறம் தரும் செல்கள் செத்து அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். கறுப்பு மாட்டில் அழகாகத் தெரியும், வெள்ளை மாட்டில் எடுபடாது. சின்னப் பண்ணைக்கு அதற்கான தேவை இல்லை.

படி 5: கன்று பிறந்த அன்றே

பதிவுகள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். அரசுத் தடுப்பூசியும் வில்லையும் பொதுவாக நாலு மாதம் ஆன கன்றுக்குத்தான் வரும். பிறந்த நாளிலிருந்து அதுவரைக்கும் கன்றுக்கு எந்த அடையாளமும் இருக்காது. ஒரே வாரத்தில் மூன்று மாடு கன்று போட்டு, மூன்றும் ஜெர்சி செவலையாக இருந்து, கன்றுகளைத் தனியாக ஒரே இடத்தில் கட்டி வைத்தால் எது யார் பிள்ளை என்பது பத்தே நாளில் குழம்பிவிடும்.

கன்று உலர்ந்து எழுந்து சீம்பால் குடித்ததும் கழுத்தில் ஒரு தளர்ந்த கயிற்றில் தாயின் எண் எழுதிய அட்டையையோ பிளாஸ்டிக் துண்டையோ கட்டிவிடுங்கள். நோட்டில் அன்றைக்கே எழுத வேண்டியவை: பிறந்த தேதி, நேரம், தாய் எண், தகப்பன் காளை எண், ஆணா பெண்ணா, எடை, சுகப் பிரசவமா இழுத்து எடுத்ததா. ஒரு வாரத்துக்குள் சின்ன வில்லையில் பண்ணை எண்ணைப் போட்டுவிட்டால் நிம்மதி.

இரட்டைக் கன்று என்றால் மறக்காமல் எழுதுங்கள். கிடாரியோடு காளைக்கன்றும் கூடப் பிறந்திருந்தால் அந்தக் கிடாரி பத்தில் ஒன்பது மலடாகத்தான் இருக்கும். இந்த ஒரு வரி நோட்டில் இல்லாவிட்டால் இரண்டு வருடம் தீவனம் போட்டு வளர்த்து, சினை பிடிக்கவில்லை என்று ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

செத்துப் பிறந்த கன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். கஷ்டமாக இருக்கும், ஆனால் தாயின் பக்கத்தில் ஈத்துக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் அதுவும் வேண்டும்.

தகப்பன் காளை எண் எங்கே கிடைக்கும் என்றால், விந்து அடைத்து வரும் சினை ஊசிக் குச்சியின் மேலேயே அச்சடித்திருக்கும். ஊசி போட்டு முடித்ததும் அந்தக் குச்சியைக் குப்பையில் போடும் முன் வாங்கிப் படம் எடுங்கள். 'ஜெர்சி ஊசி' என்று மட்டும் எழுதி வைப்பது பதிவே ஆகாது. அதே காளையின் ஊசி மூன்று வருடம் கழித்து அதன் மகளுக்கே போடப்படும், தகப்பனும் மகளும் சேர்ந்த கன்று பலவீனமாகப் பிறக்கும்போது காரணம் தெரியாமல் முழிப்போம்.

படி 6: நோட்டு

போன் ஆப்பா நோட்டா என்ற விவாதத்தில் நான் நோட்டின் பக்கம். தொழுவத்தில் கை ஈரமாக, சாணியாக இருக்கும். ஆப் வேண்டுமென்பவர்கள் நோட்டில் எழுதியதை ராத்திரி ஏற்றிக்கொள்ளட்டும்.

இரண்டு நோட்டு போதும். ஒன்று தொழுவத்தில் கயிற்றில் தொங்கும் தினசரி நோட்டு. அதில் நடப்பதை நடந்த வரிசையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்: தேதி, மாட்டு எண், என்ன நடந்தது, எழுதியவர் யார். இன்னொன்று வீட்டுக்குள் இருக்கும் பெரிய நோட்டு, அதில் ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து தினசரி நோட்டிலிருந்து அந்தந்தப் பக்கத்துக்கு ஏற்ற வேண்டும்.

மாட்டின் பக்கத்தில் மேலே மாறாத விவரங்கள்: பண்ணை எண், பெயர், அரசு வில்லை எண், பிறந்த தேதி, தாய், தகப்பன், அடையாளம். கீழே ஈத்துவாரியாக நடப்பவை. எடுத்துக்காட்டாக 2307-க்கு 2025 மார்ச் 10-இல் சினை ஊசி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அன்றே நாலு தேதியைக் கணக்கிட்டு எழுதிவிடலாம். 21 நாள் கழித்து மார்ச் 31: மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்க. மூன்று மாதத்தில் ஜூன் 8: சினைப் பரிசோதனை. 280 நாள் கணக்கில் டிசம்பர் 15: கன்று போடும் நாள், முன்பின் பத்து நாள் இருக்கலாம். அதற்கு 60 நாள் முன்னதாக அக்டோபர் 16: பாலை வற்றவிட வேண்டிய நாள். இந்தத் தேதிகளைச் சுவர்க் காலண்டரில் மாட்டு எண்ணோடு குறித்துவிட்டால் நோட்டைத் திறக்காமலே வேலை நடக்கும்.

பால் கணக்கு தினமும் எழுத வேண்டியதில்லை, எழுதவும் மாட்டோம். மாதம் ஒரு நாள், ஒரே தேதியில், காலையும் மாலையும் மாடுவாரியாக அளந்து எழுதினால் போதும். பால் சொசைட்டியில் எல்லா மாட்டின் பாலும் ஒரே கேனில் போவதால் எந்த மாடு சம்பாதிக்கிறது, எது சாப்பிடுகிறது என்று அந்தச் சீட்டில் தெரியாது. கன்று போட்டதும் 16 லிட்டர் கறக்கும் மாட்டைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். அது மாதாமாதம் 16, 13, 10, 7, 5, 3 என்று இறங்கி ஆறு மாதத்தில் நின்றுவிட்டால் மாதம் 30 நாள் கணக்கில் மொத்தம் 1,620 லிட்டர். பக்கத்தில் 12 லிட்டரில் தொடங்கி மாதாமாதம் 12, 12, 11, 10, 9, 8, 7, 6, 5, 4 என்று பத்து மாதம் மெல்ல இறங்கும் மாடு 2,520 லிட்டர் கொடுத்திருக்கும். எதன் கிடாரியை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்ற முடிவு இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

சிப், கழுத்துப் பட்டை, கால் கருவி

சிப் வைத்த வில்லைகள் 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை, கையில் பிடிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் எண்ணைச் சொல்லும். மெஷின் கறவையும் ஐம்பதுக்கு மேல் மாடும் இருந்தால் யோசிக்கலாம். மாடு நடக்கும் அளவை வைத்துப் பருவத்தைச் சொல்லும் பட்டைகளும் அப்படித்தான். நோட்டு ஒழுங்காக ஓடாத பண்ணையில் இவற்றை மாட்டினால் குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

படி 7: வில்லை விழுந்தால், மாடு வந்தால், போனால்

மாதப் பால் அளவை அன்றே எல்லாக் காதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரே சமயத்தில் ஒரு மாட்டுக்கு வில்லை இல்லையென்றால் அது எது என்று கழித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மூன்று மாட்டுக்கு விழும் வரை விட்டுவிட்டால் படத்தையும் சுழியையும் தேடி உட்கார வேண்டும். பண்ணை வில்லையை அதே எண்ணில் புதிதாகப் போடுங்கள். விழுந்தது அரசு வில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். புது எண் கொடுத்து, பழைய எண்ணோடு சேர்த்துப் பதிவார்கள். நோட்டில் பழைய எண்ணை ஒரு கோடு மட்டும் இழுத்து, வாசிக்கும்படி விட்டு, பக்கத்தில் புது எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

காப்பீடு செய்த மாடாக இருந்தால் அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காதில் வில்லை இல்லாமல் செத்த மாட்டுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. மாடு இறந்தால் வில்லையைக் காதிலிருந்து கழற்றாமல், காதோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

மாடு வாங்கும்போது விலை பேசி முடித்த கையோடு வில்லை எண்ணைப் படம் எடுத்து, விற்பவரிடம் கடைசி ஊசித் தேதியையும் தடுப்பூசியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறிய பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பண்ணை எண், படம், அடையாளக் குறிப்பு எல்லாம் மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

விற்கும்போது அந்த மாட்டின் பக்கத்தைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். ஈத்துக் கணக்கும் பால் கணக்கும் கையில் இருக்கும் மாட்டுக்குச் சந்தையில் பேரம் பேசும் விதமே வேறு. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடாதீர்கள். மேலே 'விற்றது', தேதி, விலை என்று எழுதி நோட்டிலேயே விடுங்கள். அதன் மகள்கள் இன்னும் உங்கள் தொழுவத்தில் நிற்கும், அவற்றின் பக்கத்தில் தாய் என்ற இடத்தில் அந்த எண்தான் இருக்கிறது.